தாது வருஷத்துக்கு எத்தனை மார்க்?

பள்ளிக்கூடம் திறக்குற நேரத்துல மழை வருதோ இல்லியோ, இந்தச் சண்டை தவறாம வந்துடுது. வரலாற்றுப் புத்தகத்துல யாரைத் தூக்கினாங்க, யாரைச் சேர்த்தாங்கன்னு. 2023ல பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்துல இருந்து முகலாய அரசவை பத்தின பாடத்தைத் தூக்கினப்ப ஒரு ரவுண்டு போச்சு. 2025ல ஏழாம் வகுப்புக்கு வந்த புதுப் புத்தகத்துல டெல்லி சுல்தான்களும் இல்ல, முகலாயர்களும் இல்லன்னு அடுத்த ரவுண்டு. (அவங்க எட்டாம் வகுப்புக்கு இடம் மாறி, கொஞ்சம் வேற மாதிரி வர்ணனையோட வந்து சேர்ந்தாங்க.) அதுக்கெல்லாம் முன்னாடி 2019ல ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துல இருந்து மூணு பாடத்தை எடுத்தாங்க. ஒண்ணு துணிமணியோட வரலாறு, அதுலதான் நம்ம தோள்சீலைப் போராட்டம் வந்துச்சு. ஒண்ணு கிரிக்கெட். இன்னொண்ணு விவசாயிகள் பத்தினது. பிள்ளைங்களுக்குச் சுமை குறைக்கிறோம்னு சொன்னாங்க. இதுக்கு முகலாயர் அளவுக்குச் சத்தம் வரல. மூணுலயும் ராஜா கிடையாது பாருங்க, அதான்.

நம்ம ஊர்ப் பங்குக்கு நிரந்தரமா ஒரு கேள்வி இருக்கு. "சோழனுக்கு ரெண்டு பக்கம், முகலாயனுக்கு ரெண்டு பாடமா?" கேள்வி நியாயமானதுதான், நானும் அதைக் கேட்டுக்கிட்டே வளர்ந்தவன்தான். ஆனா இருபது வருஷமா இந்த வாக்குவாதத்தைப் பார்த்துட்டு வர்றதுல எனக்கு ஒண்ணு தோணுது. ரெண்டு கோஷ்டியும் கேக்குறது ராஜாவைத்தான். உன் ராஜாவா என் ராஜாவாங்கறதுலதான் தகராறு. இந்த ரெண்டு கோஷ்டியோட கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தாவும் சோறு இல்லாமச் செத்த கதையை யாருமே பாடத்துல கேக்க மாட்டேங்கறாங்க.

தாது வருஷப் பஞ்சத்தைத்தான் சொல்றேன். 1876ல இருந்து 1878 வரைக்கும்.

பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்படாதவங்களும் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பீங்க. பந்தியில எவனாவது அவசரமா அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டா, "தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி திங்கறான் பாரு"ன்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. ரொம்ப நாளா அது ஏதோ ஒரு கிண்டல்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். தாதுங்கறது அறுபது வருஷ வட்டத்துல ஒரு வருஷம், 1876 சித்திரையில பொறந்ததுன்னு தெரிஞ்சது பின்னாடி. அதுக்கப்புறம் 1936ல ஒரு தாது, 1996ல ஒரு தாது வந்துட்டுப் போயிருச்சு. ஒரு ஊர் ஜனமே ஒரு சாவை நூறு வருஷத்துக்கு மேல ஞாபகம் வச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதுவும் பள்ளிக்கூடத்து உதவி துளிகூட இல்லாம, வெறும் வசவுலயும் கிண்டலுலயும்.

பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் கொடுத்தாங்க? நான் ஸ்டேட் போர்டு. எங்களுக்கு லிட்டன் பிரபு வந்தார். "லிட்டன் பிரபு பற்றிக் குறிப்பு வரைக", அஞ்சு மார்க். 1877 டெல்லி தர்பார், 1878 தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம், அதே வருஷம் ஆயுதச் சட்டம். நாலாவதா ஒரு பாயிண்ட்டு வேணும்னா "இவர் காலத்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டது". அதை எழுதலைன்னாலும் மார்க் வந்துடும். பஞ்சம் "ஏற்பட்டது". மழை பேய்ஞ்ச மாதிரி, இடி விழுந்த மாதிரி, அது பாட்டுக்கு ஏற்பட்டுருச்சு.

அக்கா பொண்ணோட புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். 2018ல இருந்து வந்த தமிழ்நாட்டுப் புதுப் புத்தகங்கள் எங்க காலத்துப் புத்தகத்துக்கு எவ்வளவோ மேல், அதுல சந்தேகமே இல்ல. கீழடி இருக்கு, பாளையக்காரங்க இருக்காங்க, வேலு நாச்சியார் இருக்காங்க, 1806 வேலூர் இருக்கு. படம், அச்சு எல்லாம் பிரமாதம். பஞ்சமும் இல்லாம இல்ல, அங்கங்க ரெண்டு வரி, ஒரு பத்தின்னு வரும். தனியா உக்காந்து படிக்கிற பாடமா மட்டும் அது இல்ல.

சரி, அப்படி என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. முதல்ல கணக்கு. குறைஞ்சபட்சமாச் சொல்ற எண்ணிக்கையே 55 லட்சம். 80 லட்சத்துக்கு மேலன்னு சொல்றவங்களும் உண்டு. மதராஸ் மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் எல்லாம் சேர்த்து. இந்த எண்ணெல்லாம் பார்த்தா ஒண்ணும் உறைக்காது, எனக்கும் உறைக்கல. எனக்கு உறைச்சது சேலம். 1871 மக்கள்தொகைக் கணக்குல சேலம் ஜில்லாவுல 19 லட்சத்து 66 ஆயிரம் பேருக்கு மேல. பத்து வருஷம் கழிச்சு 1881ல எண்ணினா 16 லட்சத்துக்கு ஒரு துளி கம்மி. பத்து வருஷத்துல கூட வேண்டிய ஜனம் மூணரை லட்சத்துக்கு மேல குறைஞ்சிருக்கு. அஞ்சு பேருக்கு ஒருத்தர் காணோம். எல்லாரும் சாகலை, ஊரை விட்டுப் போனவங்களும் இதுல சேர்த்தி. பொறக்காமப் போன குழந்தைங்க இந்தக் கணக்குல வரவே வராது. மாகாணம் முழுசுக்குமே 1871ல 3 கோடியே 12 லட்சத்துக்கு மேல இருந்த ஜனம் 1881ல 3 கோடியே 8 லட்சத்துச் சொச்சம். இது ஏழாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. வரலாற்று வகுப்புல ஒரு நாள் போட வச்சா போதும், வாத்தியார் வேற எதுவும் பேச வேண்டாம்.

மழை பொய்ச்சது உண்மை. 1876ல தென்மேற்கும் ஏமாத்துச்சு, வடகிழக்கும் ஏமாத்துச்சு. பெல்லாரி, கடப்பா, கர்னூல், வடாற்காடு, சேலம், கோயமுத்தூர்னு வானம் பார்த்த பூமியெல்லாம் காஞ்சு போச்சு. ஆனா கோதாவரி, கிருஷ்ணா, காவிரி டெல்டாக்கள் அந்த அளவுக்கு அடிபடல. அணைக்கட்டும் கால்வாயும் இருந்த இடம் தப்பிச்சுது. ஆர்தர் காட்டன் அதைத்தான் காலம் பூரா கத்திக்கிட்டு இருந்தார், ரயிலுக்குக் கொட்டுற காசைத் தண்ணிக்குக் கொட்டுங்கய்யான்னு. நாட்டுல தானியமே இல்லாமப் போயிடல. வாங்கக் காசு இல்லாம, விலை எட்டாத உயரத்துக்குப் போயிருச்சு. ரயில் இருந்துச்சே, தானியம் போய்ச் சேர்ந்திருக்குமேன்னு தோணும். போச்சு. காசு இருக்கற இடத்துக்குப் போச்சு. அதே சமயத்துல, 1877-78ல, இந்தியாவுல இருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான கோதுமை மூணு லட்சம் டன்னுக்கு மேல. அது வடக்கே விளைஞ்ச கோதுமை, சேலத்துக்காரன் வாய்ல இருந்து நேரா புடுங்கினது இல்ல. அதையும் சொல்லித்தான் பாடம் நடத்தணும். சொன்னாலும் கேள்வி அப்படியேதான் நிக்குது.

இப்ப நான் முக்கியமா நினைக்கிற ஆளுக்கு வர்றேன். சர் ரிச்சர்டு டெம்பிள்.

1874ல பீகார்ல பஞ்சம் வர்ற மாதிரி இருந்துச்சு. அங்க பொறுப்புல இருந்தவர் இந்த டெம்பிள். மனுஷன் பர்மாவுல இருந்து நாலரை லட்சம் டன் அரிசி இறக்கினார். கேட்டவங்களுக்கு வேலை, முடியாதவங்களுக்கு இலவசச் சோறு. விளைவு என்னன்னா, பட்டினிச் சாவு அனேகமா இல்லவே இல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில பஞ்சத்தை ஒழுங்கா சமாளிச்சதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கறது கஷ்டம். ஒரு மெடல் குத்தியிருக்கணும் இல்லியா? திட்டு விழுந்துச்சு. கறுப்பு ஜனத்துக்கு இவ்வளவு காசைக் கரியாக்குவியா, சந்தையில போய் அரசாங்கம் கையை விடலாமான்னு லண்டன் பத்திரிகைல இருந்து மேலதிகாரி வரைக்கும் பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க.

மூணே வருஷம் கழிச்சு, 1877 ஜனவரியில, அதே டெம்பிளை லிட்டன் மதராசுக்கு அனுப்பி வைக்கிறார். பஞ்ச வேலையைப் பார்த்து செலவைக் குறைன்னு உத்தரவு. (அந்த ஜனவரி முதல் தேதிதான் டெல்லியில விக்டோரியா ராணிக்கு இந்தியப் பேரரசின்னு பட்டம் சூட்டி தர்பார். ராஜா மகாராஜா எல்லாரும் போனாங்க, மதராஸ் கவர்னரும் போனார். ஊர்ல எழவு விழுந்துக்கிட்டு இருக்கும்போது.) பழைய கெட்ட பேரைக் கழுவணும்னு டெம்பிள் இந்தத் தடவை ரொம்பச் சிக்கனமானவரா வந்தார். பஞ்ச வேலைக்கு வர்ற ஆம்பளைக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. பொம்பளைக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் கம்மி. வேலையும் சொந்த ஊருக்குப் பக்கத்துல கிடையாது, பத்து மைலாவது தள்ளிப் போகணும். நிஜமாவே பசிச்சவன்தான் அவ்வளவு தூரம் வருவானாம். நிஜமாவே பசிச்சவன் அவ்வளவு தூரம் நடக்க முடியுமான்னு யோசிக்கல.

ஒரு பவுண்டுன்னா 450 கிராம். வீட்டுத் தராசுல அரிசியை வச்சு நிறுத்துப் பாருங்க. பார்க்க என்னமோ நிறையத்தான் தெரியும். அதுல கிடைக்கறது ஏறக்குறைய 1,600 கலோரி. நாள் பூரா வெயில்ல மண்ணு வெட்டுற ஆளுக்கு அதுல இன்னும் பாதிக்கும் மேல சேர்த்தாத்தான் உடம்பு தாங்கும். மாகாணத்துச் சுகாதார கமிஷனரா இருந்த கார்னிஷ்ங்கற வெள்ளைக்கார டாக்டர், நம்ம ஜெயில் கைதிக்கே இதைவிட அதிகமாச் சோறு போடறோமேன்னு சண்டை பிடிச்சார். டெம்பிள் கேக்கல. பின்னாடி தானியத்தைக் கொஞ்சம் கூட்டி, 43 கிராம் பருப்பும் சேர்த்தாங்க. அதுக்குள்ள எத்தனையோ பேருக்குப் பருப்பு தேவைப்படாத நிலைமை வந்துருச்சு.

பத்தாங்கிளாஸ் பரிட்சையில இதை ஒரு கேள்வியாப் போடுங்கன்னுதான் நான் கேக்குறேன். "1874இல் பீகாரில் டெம்பிள் செய்தது என்ன? 1877இல் மதராசில் செய்தது என்ன? இந்த மாற்றம் ஏன்?" பத்து மார்க். ஒரே ஆளு, ஒரே அரசாங்கம், மூணு வருஷ இடைவெளி. ஒரு இடத்துல ஜனம் பிழைச்சது, இன்னொரு இடத்துல லட்சக்கணக்குல செத்தது. வானிலைதான் காரணம்னு எழுதவே முடியாது. பிள்ளை தானா யோசிச்சுத்தான் ஆகணும். சோறு போடறதும் போடாததும் ஒரு மேஜையில உக்காந்து எடுக்குற முடிவுங்கறது அப்பத்தான் தெரியும். நம்ம வரலாற்றுப் பாடத்துல மொத்தமா இப்படி யோசிக்க வைக்கிற கேள்வி எத்தனை இருக்குன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. "முதலாம் கர்நாடகப் போரின் முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கை எது?" அய்-லா-சபேல். 1748. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால எனக்கு இன்னிக்கு வரைக்கும் சல்லிக்காசு பிரயோஜனம் இல்ல :-)

இடம் எங்கன்னு கேக்கறவங்களுக்கும் பதில் அதுதான். முகலாயரை வெட்ட வேணாம், சோழரைத் தொட வேணாம். மூணு கர்நாடகப் போரையும் ஒரே பக்கத்துல முடிங்க. பிரெஞ்சுக்காரன் தோத்தான், இங்கிலீஷ்காரன் ஜெயிச்சான், நவாபு கடனாளியானார், வாலாஜா கதை முடிஞ்சுது. கவர்னர் ஜெனரல் வரிசைல ஆளுக்கு நாலு பாயிண்ட்டுன்னு உருப்போடறதை நிறுத்துங்க. தாராளமா எட்டு பத்து பீரியட் மிச்சமாகும்.

சென்னைப் பிள்ளைங்களுக்கு இந்தப் பாடத்துக்குப் படம்கூட வேணாம். பறக்கும் ரயில்ல ஏறி ஜன்னல் வழியா கீழ பாருன்னா போதும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பார்க்குற அந்த பக்கிங்காம் கால்வாய்ல, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் துண்டு 1877-78ல பஞ்ச நிவாரண வேலையா வெட்டினது. ஒரு பவுண்டு தானியக் கூலிங்கற காலத்து வேலை. வெட்டினவங்க பேர் ஒண்ணுகூட இல்ல, தர்பாருக்குப் போன கவர்னர் பேரை வச்சுட்டாங்க. பக்கிங்காம் கோமகன். அது மேலயே தூணை நட்டு ரயில் விட்டாச்சு. ஒரு கல்வெட்டு உண்டா அங்கன்னு யாராவது பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. என் கண்ணுல பட்டதில்ல.

இன்னொண்ணு, நம்ம பதிவர்கள்லயே பாதிப் பேர் இலங்கை, மலேசியா, தென்னாப்பிரிக்கான்னு இருக்கீங்க. மலையகத்துக்குத் தமிழன் எப்படிப் போனான்னு கேட்டா நம்ம புத்தகம் "தோட்ட வேலைக்காக அழைத்துச் செல்லப்பட்டனர்"னு ஒரு வரி சொல்லும். என்னமோ கல்யாணத்துக்கு அழைச்சுட்டுப் போன மாதிரி. போறது முன்னாடியே ஆரம்பிச்சதுதான், நேட்டாலுக்கு 1860லயே கப்பல் போயிருச்சு. ஆனா பஞ்ச வருஷங்கள்ல இலங்கை காப்பித் தோட்டத்துக்குப் போன கூட்டம் எகிறினதை வெச்சுப் பார்த்தாத்தான் அது என்ன மாதிரிப் பயணம்னு புரியும். மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மலைக்கு நடந்து, வழியிலயே விழுந்து. ஊர்ல இருந்தா சாவு நிச்சயம், போனா சாவு சந்தேகம். இதைப் படிக்காம ஒரு தமிழ்நாட்டுப் பையன் மலையகத் தமிழர் பிரச்சினையை எப்படிப் புரிஞ்சுக்குவான்? அவனைப் பொறுத்தவரைக்கும் அவங்க என்னமோ திடீர்னு அங்க முளைச்சவங்க.

இந்த இடத்துல அயர்லாந்தைச் சொல்லாம இருக்க முடியல. 1845ல உருளைக்கிழங்கு அழுகி அங்க பஞ்சம். பத்து லட்சம் பேர் செத்தாங்க, அதே அளவு ஜனம் கப்பல் ஏறுச்சு. அதே வெள்ளைக்கார அரசாங்கம், அதே சந்தைத் தத்துவம், அதே பஞ்ச வேலை. அயர்லாந்துக்காரன் அதை மறக்கல. சொந்த ஊர்ல படிக்கிறது இருக்கட்டும், கப்பல்ல போய் இறங்கின ஊர்லயும் பாடமாக்கிட்டான். நியூயார்க் மாகாணத்துல 1996ல சட்டமே போட்டாங்க, பள்ளிக்கூடத்துல அயர்லாந்துப் பஞ்சத்தைச் சொல்லிக் கொடுக்கணும்னு. 2002ல அதே நியூயார்க்ல, பணம் புழங்குற வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துலயே பஞ்ச நினைவிடம் கட்டிட்டாங்க. இங்க செத்தது குறைஞ்சபட்சம் 55 லட்சம். வங்காளத்துல 1943 பஞ்சத்துக்காவது படம், ஓவியம், சினிமான்னு ஞாபகம் வைக்க ஆள் இருந்தாங்க. நமக்கு என்ன இருக்கு? சில கும்மிப் பாட்டு. (பின்னூட்டக் கும்மி இல்லீங்க, நிஜக் கும்மி. கொங்கு நாட்டுப் பஞ்சக் கும்மிகளைப் புலவர் செ. இராசு தேடிப் பதிப்பிச்சு வச்சிருக்கார், அவருக்குக் கோயில் கட்டலாம்.) அந்தக் கும்மில எந்தத் தானியம் என்ன விலைக்குப் போச்சு, எதைப் பறிச்சுத் தின்னாங்கன்னு சாதாரண ஆளு பாடி வச்சிருக்கான். தமிழ்ப் பாடத்துல அதைக் கொஞ்சம் வைங்க, வரலாற்று வாத்தியாருக்கு வேலை சுலபம்.

ஏன் வைக்க மாட்டேங்கறாங்கங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம் ரொம்ப சாதாரணமானது. நம்ம ஊர்ல ஒரு விஷயம் பாடப் புத்தகத்துல ஏறணும்னா அதுக்காக யாராவது மனு கொடுக்கணும். எங்க மன்னருக்குப் பாடம் வேணும், எங்க தியாகிக்குப் படம் வேணும், எங்க பேரை இப்படிப் போட்டது தப்புன்னு கேக்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு சங்கம் இருக்கு. அதுல பலதும் நியாயமான கோரிக்கைதான். பஞ்சத்துல செத்தவன் நிலமில்லாத கூலியாள், தறி போட வழியில்லாத நெசவாளி, ஒரு ஏக்கர் மானாவாரிக்காரன். அவனுக்குப் பிறந்த நாள் கிடையாது, சிலை கிடையாது, வாரிசுன்னு சொல்லிக்கப் பெருமைப்படறதுக்கு ஒண்ணும் கிடையாது. எங்க பாட்டன் குதிரைப் படைத் தளபதின்னு சொல்லிக்க நிறைய பேர் இருக்காங்க. எங்க பாட்டன் கஞ்சித்தொட்டி வரிசையில நின்னவன்னு எவனும் சொல்ல மாட்டான். கணக்குப்படி பார்த்தா தளபதியைவிட வரிசையில நின்னவன் பேரன்கள்தான் நம்மள்ல அதிகம்.

இதுக்கு வர்ற மறுப்புகள் எனக்குத் தெரியும். நண்பர் ஒருத்தர்கிட்ட போன்ல பேசினப்ப, "சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்குய்யா இந்த எழவுக் கதை"ன்னார். பானிப்பட்டு மூணு தடவை நடத்தினா எழவு இல்லியா? அதுல செத்தவன் சந்தோஷமாவா செத்தான்? ஆனா ஒரு விஷயத்துல அவரோட எனக்கு உடன்பாடு. ஹூப்பர்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி அந்தச் சமயத்துல எடுத்த போட்டோக்கள் இருக்கு. எலும்பும் தோலுமா ஆட்களை வரிசையா உக்கார வச்சு எடுத்தது. இணையத்துல பஞ்சம்னு தேடினா முதல்ல வந்து விழறது அதுதான். அதைப் பாடப் புத்தகத்துல போடக் கூடாதுங்கறது என் கட்சி. அது செத்துக்கிட்டு இருக்கிறவனை இன்னொரு தடவை அவமானப்படுத்துறது. ஒரு பவுண்டு அரிசி தராசுல இருக்கற படம் போதும்.

இன்னொரு மறுப்பு, இது வெள்ளைக்காரன் மேல வெறுப்பைத்தானே வளர்க்கும்னு. முழுசா நடத்தினா வளர்க்காது. கார்னிஷ் வெள்ளைக்காரர்தான். அப்ப மெட்ராஸ்ல பத்திரிகை ஆசிரியரா இருந்த வில்லியம் டிக்பியும் வெள்ளைக்காரர்தான், அவர் 1878லயே ரெண்டு பெரிய வால்யூமா இந்தப் பஞ்சத்தைப் பத்தி எழுதி அரசாங்கத்தோட வண்டவாளத்தை ஏத்தி வச்சார். நமக்கு இன்னிக்கு இவ்வளவு தெரியறதுக்கு அவரும் ஒரு காரணம். இந்தப் பக்கம் தானியத்தைப் பதுக்கினவன் நம்மாளு. முகாம்ல யார் சமைச்சதை யார் தின்னலாம்னு சாதி பார்த்து, பட்டினி கிடந்தாலும் பரவாயில்லன்னு ஒதுங்கினதும் நம்மாளுங்கதான். மாயூரத்துல முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம் எழுதினவர், சொந்தக் காசைப் போட்டுக் கஞ்சி ஊத்தினதும் இந்தப் பஞ்சத்துலதான். நல்லவன் கெட்டவன் ரெண்டும் ரெண்டு பக்கமும் கலந்து கிடக்கிற ஒரு பாடம். ஒரு ராஜாவைப் புகழ்ந்து இன்னொரு ராஜாவைத் திட்டுற பாடத்தைவிட இதுல வெறுப்பு வளர வாய்ப்பு கம்மி.

பஞ்சத்தோட விளைவையும் சொல்லாம விட முடியாது. 1880ல பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1883ல பஞ்சச் சட்ட விதிகள். எப்ப பஞ்சம்னு அறிவிக்கணும், என்ன கூலி கொடுக்கணும், யாருக்கு இலவசச் சோறுன்னு முதல் தடவையா எழுத்துல வந்துச்சு. வறட்சி வந்தா அரசாங்கம் வேலை கொடுக்கணுங்கற யோசனை அங்க இருந்து நடந்து நடந்து, 1970கள்ல மகாராஷ்டிரா வேலை உறுதித் திட்டம், 2005ல நூறு நாள் வேலைச் சட்டம் வரைக்கும் வந்துச்சு. ரேஷன் கடை க்யூவுல நிக்கிற பிள்ளைக்கு அந்தக் க்யூ எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு காட்டுற பாடம் இதைத் தவிர வேற எதுவும் எனக்குத் தெரியல.

பாடத்திட்டக் குழுவுல இருக்கற யாராவது இந்தப் பக்கம் வழிதவறி வந்தா, முழுப் பாடம்கூட வேணாம். சேலம் ஜில்லாவோட அந்த ரெண்டு எண்ணையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு, கீழ "கழித்துப் பார்க்க"ன்னு ஒரு வரி அச்சடிச்சா ஆரம்பத்துக்குப் போதும்.

பி.கு: உங்க வீட்டுலயோ ஊர்லயோ தாது வருஷம் பத்திச் சொலவடை, கும்மி வரி, கஞ்சித்தொட்டி இருந்த இடம்னு எதாவது தெரிஞ்சா, ஊர்ப் பேரோட எழுதுங்க. பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வைங்க. எங்க வீட்டுல கேக்க இப்ப ஆள் இல்ல.